வெறியும் வீதியும்

மாதத்தின் பத்தாந் திகதியை ஒட்டிய நாட்களில் நாவலப்பிட்டிக் கடைவீதி வழக்கத்தினும் நெரிசலுற்றிருக்கும். தொலஸ்பாகைப் பக்கத்திலிருந்தும், இங்குரு ஓயா, வட்டவளைப் பக்கங்களிலிருந்தும் சம்பளம் வாங்கிய தோட்டத் தொழிலாளர் பஸ்களில் வந்திறங்குவர். மாவும் கருவாடும் தேங்காயும் பிள்ளைகளுக்கான கொப்பிகளும் நிறைந்த பைகள் பெண்களின் கைகளிற் கனக்கும். ஆண்களிற் பலர் அப்பைகளைத் தாமும் சுமந்து அவர்களுடனேயே திரும்பிவிடுவர். சிலர் மட்டும் சாராயக் கடைப் பக்கம் போய்ப் பின்னர் வருவர். பொழுது சாய்ந்து மகாவலியின் ஈரக்காற்று ஏறத் தொடங்கும் வேளையில், பஸ் நிலையத்துத் தூணொன்றின் அடியில் ஒருவன் சரிந்து கிடப்பான். சனம் அவனைச் சுற்றி விலகி நடக்கும். அவனது சட்டைப்பையில் எஞ்சிய காசை எவனோ எடுத்துக்கொண்டு போயிருப்பான்.

அதே மாலையில், அதே ஊரில், கலியாண விருந்தொன்றிலிருந்து இன்னொருவர் வெளியே வருகிறார். அவரும் அதே அளவு குடித்தவர்; இன்னுஞ் சொன்னால் கூடுதலாகக் குடித்தவர். இருபுறமும் இருவர் தாங்கிக்கொள்ளக் காரின் பின்கதவு திறக்கப்படுகின்றது. "ஐயாவுக்குக் கொஞ்சம் களைப்பு" என்று சாரதி மெதுவாகச் சொல்கிறான். கதவு மூடப்படுகின்றது.

முதலாமவரை 'அவன்' என்றும் இரண்டாமவரை 'அவர்' என்றும் என் பேனா எழுதிவிட்டதை வாசகர் கவனித்திருக்கலாம். நான் யோசித்து எழுதியதன்று. கை தானாக எழுதிற்று. அதை அடிக்காமல் விட்டுவைக்கிறேன். ஏனெனில் குடிவெறியைப் பற்றிய நமது சட்டமும், அதை நடைமுறைப்படுத்துவோரின் கையும் ஏறக்குறைய இவ்விதமாகவே இயங்குகின்றன. இனி இருவரையும் 'அவர்' என்றே எழுதுவேன்.

இவ்விருவரில் குற்றஞ் செய்தவர் யார்? சட்டத்தைக் கேட்டால் விடை தயக்கமின்றி வருகின்றது. 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகிய இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 488ஆம் பிரிவு, குடிவெறியில் உள்ள ஒருவர் பொது இடத்திலோ, தாம் நுழைவது அத்துமீறலாகும் இடத்திலோ தோன்றி, எவருக்காயினும் உபத்திரவம் உண்டாகும் வகையில் நடந்துகொள்வாராயின் அது தண்டனைக்குரியது என்கின்றது. மெக்காலேயின் பெயரோடு வழங்கிய 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 510ஆம் பிரிவாக இருந்ததும் இதே வாசகமே. ஆக, குற்றத்துக்கு மூன்று அங்கங்கள் உள: வெறி, பொது இடம், உபத்திரவம். காருக்குள் ஏறியவரிடத்தில் முதலாவது அங்கம் நிறைவாக இருந்தது. மற்ற இரண்டையும் காரின் கதவு களைந்துவிட்டது.

இங்கே வழக்கறிஞர் ஒருவர் குறுக்கிட்டு, 'சட்டம் குடிப்பதைத் தண்டிக்கவில்லை. பிறருக்கு இடைஞ்சல் செய்வதையே தண்டிக்கின்றது. இதில் ஏழை பணக்காரன் என்ற பேதம் எங்கே?' என வினவலாம். வினா நியாயமானது, விரைவில் தள்ளிவிடக் கூடியதன்று. எனவே 'உபத்திரவம்' என்ற அந்தச் சொல்லையே சற்று உற்றுநோக்குவோம்.

அடித்தலுக்குத் தண்டனைச் சட்டக்கோவையில் வேறு பிரிவு உண்டு. திருட்டுக்கு, சொத்தழித்தலுக்கு, மிரட்டலுக்கு வேறு பிரிவுகள் உண்டு. பஸ்ஸில் நம் மாணவிகள்மீது சாய்ந்து விழுபவரையும், அருவருப்பான சொற்களால் அவர்களைத் துன்புறுத்துபவரையும் தண்டிப்பதற்கு, 1995இல் திருத்தப்பட்ட 345ஆம் பிரிவு உண்டு. இவற்றுள் எதைச் செய்தவரும் 'நான் வெறியில் இருந்தேன்' என்று தப்பிக்க முடியாது. தானே விரும்பிக் குடித்தவருக்கு வெறி பொதுவாக மன்னிப்பாகாது என்பதே 79ஆம் பிரிவின் நோக்கம். பழங்காலக் கிரேக்கத்தில் மித்திலேனே நகரை ஆண்ட பிட்டாக்கஸ் இதனினும் கடுமையாகப் போனார். வெறியிற் செய்த குற்றத்துக்கு, வெறியின்றிச் செய்த குற்றத்திலும் கூடிய தண்டனை என்று அவர் விதித்ததாக அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருக்கிறார். அதைக் கடுமை என்று சொல்லலாம். ஆனால் அங்கே தண்டிக்கப்பட்டது ஒருவர் இன்னொருவருக்குச் செய்த தீங்கு.

இத்தனை பிரிவுகளும் தத்தமக்குரிய தீங்குகளை எடுத்துக்கொண்ட பின்னர், 488ஆம் பிரிவுக்கென்று தனியே எஞ்சி நிற்பது என்ன? யாரையும் அடிக்காத, எதையும் எடுக்காத, எவரையும் தீண்டாத ஒருவர் தள்ளாடுவதும், தனக்குத்தானே பாடுவதும், வாந்தியெடுப்பதும், தூணடியில் விழுந்து கிடப்பதும்தான். இவை பார்ப்பவர் கண்ணுக்கு உபத்திரவம் என்பதில் ஐயமில்லை, எனக்கும் உபத்திரவமே. ஆனால் உடம்பிற் பட்ட தீங்கையும் கண்ணிற் பட்ட அருவருப்பையும் ஒரே தராசில் வைத்து, இரண்டுக்கும் சிறைக்கதவையே மருந்தாக்குவது தருமமா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

சட்டம் இவ்வழியில் எவ்வாறு வந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. இங்கிலாந்தில் 1606இல் குடிவெறியை ஒரு பாவமென்று பெயரிட்டே பாராளுமன்றம் சட்டமியற்றிற்று. தண்டம் ஐந்து ஷில்லிங். ஐந்து ஷில்லிங் இல்லாதவரைக் கால்களைக் கட்டையிற் பூட்டி ஆறு மணி நேரம் ஊர்நடுவே இருத்திவைப்பர். பாவம் ஒன்றே, உள்ளவனுக்கு அது ஒரு செலவு, இல்லாதவனுக்கு அது ஓர் அவமானம்.

இலங்கைக்கு வருவோம். மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பரவிய காலத்தில், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் எசமானருக்கும் கூலிகளுக்குமிடையே இருந்த ஒப்பந்தத்தை நெறிப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டு வந்தது. தொழிலாளி செய்யக்கூடிய குற்றங்களை அச்சட்டம் அடுக்கும்போது குடிவெறி, கட்டளைக்குப் பணியாமை, திமிரான பேச்சு, வேலையில் அசட்டை ஆகியவற்றை ஒரே மூச்சில் ஒரே வரிசையில் வைத்தது. இவற்றுக்காக ஒரு தொழிலாளி சிறைக்குப் போகலாம். குடிவெறிக்குப் பக்கத்தில் எது உட்கார்ந்திருக்கின்றது பாருங்கள்: திமிர்! தொழிலாளியின் ஈரலைப் பற்றியோ, அவர் மனைவியின் முதுகைப் பற்றியோ அச்சட்டத்துக்குக் கவலை இருந்ததில்லை. மறுநாட் காலையில் பிரட்டுக்களத்தில் ஒரு தலை குறைகின்றது என்பதே கவலை. துரையும் குடித்தார், துரைமாரின் கிளப்புகளில் விடிய விடியக் குடித்தார்கள். அதைக் குற்றமென்று ஒரு சட்டமும் சொல்லவில்லை.

இதே காலத்தில் சாராயம் விற்கும் உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விட்டுப் பணம் திரட்டியதும் அதே அரசாங்கந்தான். அக்குத்தகையில் திரண்ட செல்வம் இலங்கையின் முதலாளி வர்க்கம் உருவாவதற்கு எத்துணை உரமாயிற்று என்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். கோப்பித் தோட்டக் கூலியின் காசு தவறணைக்குப் போயிற்று. தவறணையிலிருந்து குத்தகைக்காரனின் பெட்டிக்கும் அரசின் திறைசேரிக்கும் போயிற்று. வெறியோடு அவர் வெளியே வந்தபோது அங்கே பொலிஸ்காரர் நின்றார். ஊற்றிக் கொடுத்த கையும் விலங்கு மாட்டிய கையும் ஒரே உடம்பில் இருந்தன.

மதுவுக்கெதிராக மக்களே எழுந்தபோது என்ன நடந்தது என்பதும் இச்சரித்திரத்தின் பகுதியே. 1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தபோது அதற்கெதிரான மதுவிலக்கியக்கம் சிங்களக் கிராமங்களிற் பெருகிற்று. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ்ச் சிறைவைக்கப்பட்டோருள் டி. பி. ஜயதிலக்க, எப். ஆர். சேனநாயக்க முதலிய மதுவிலக்கியக்கத் தலைவர்களும் இருந்தனர். குடித்தவர் ஒழுங்கைக் கெடுக்கிறார் என்று பிடித்த அரசு, குடிக்காதே என்றவரை இராசத்துரோகி என்று பிடித்தது! அவ்வியக்கத்தைக் கொண்டாட நான் இதை எழுதவில்லை. அதன் தலைவர்களிற் பலர் நல்ல நிலவுடைமையாளர், அக்கலவரத்தில் முஸ்லிம்கள் பட்ட துயரும் சிறிதன்று. அரசுக்கு ஒழுங்கு என்பது எதைக் குறிக்கிறது என்பதைக் காணவே இங்கு நினைவூட்டினேன்.

அது வெள்ளையர் காலம், இன்று நமது சொந்த அரசு, என்று ஆறுதல் கொள்வோர் கணக்கைப் பார்க்கட்டும். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி நெடுங்காலப் போராட்டத்தின் பின் 2021இல் 1000 ரூபாவாயிற்று. 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டில், அனுமதி பெற்ற கடையில் ஒரு முழுப்போத்தல் சாதாரணச் சாராயத்தின் விலை இரண்டு நாட்கூலியையும் விழுங்கி மேலும் கேட்டது. அவ்விலையின் பெரும்பகுதி வரி. 2024இல் மதுவரித் திணைக்களம் திரட்டிய வருமானம் 20,000 கோடி ரூபாவுக்கும் அதிகம். அதே ஆண்டில் முந்நூறுக்கு மேற்பட்ட புதிய மதுக்கடை அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டிருந்தமை அவ்வாண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளியாயிற்று. விலையேற்றினால் குடி குறையும் என்பர் பொருளியலாளர். ஓரளவு உண்மையே. ஆனால் அந்த விலையைக் கொடுக்கமுடியாதவர் எல்லாரும் குடியைக் கைவிடுவதில்லை. சிலர் ஓடைக்கரையிற் காய்ச்சும் கசிப்புக்குப் போகின்றனர். அதுவும் குற்றம். ஆக, கடைச் சாராயம் குடித்து வீதியில் விழுந்தால் ஒரு பிரிவு, கசிப்பு வைத்திருந்தால் இன்னொரு சட்டம். ஏழை எந்தப் பக்கம் திரும்பினும் காக்கிச் சட்டை.

காக்கிச் சட்டையைப் பற்றியும் நேர்மையாகப் பேசவேண்டும். மலையகத்துத் தொழிலாளருக்கு அது வெறும் சட்டையன்று. கண்டி மாவட்டத்து முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் துப்பாக்கிக்கு இரையான கோவிந்தனின் பெயரை இன்றும் மறவாதோர் உளர். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட பின்னர், கடதாசி கேட்கும் ஒவ்வோர் உத்தியோகத்தரின் முன்னும் குனிந்து நின்றவர்களின் பிள்ளைகள் இவர்கள். ஆயினும் பொலிஸ்காரரைத் தனியொரு கொடியவராக வரைவது எளிய எழுத்து. அவரும் பெரும்பாலும் எங்கோ ஓர் ஏழைக் கிராமத்து வீட்டிலிருந்து வந்தவர். இரவுக் கடமையில் நிற்பவர். அவரும் குடிக்கிறவராக இருக்கலாம். குறை அவர் குணத்திலன்று. அவர் கையிற் கொடுக்கப்பட்ட சொல்லில் இருக்கின்றது. 'உபத்திரவம்' என்பதை அளக்கக் கோலில்லை. தள்ளாடும் பத்துப் பேரில் எவருடைய தள்ளாட்டம் உபத்திரவம் என்பதை அந்த நிமிடத்தில் அவரே தீர்மானிக்கிறார். முறைப்பாட்டாளர் வேறொருவர் இருக்கவேண்டிய தேவையும் அநேகமாக எழுவதில்லை. அவரே கண்டவர், அவரே பிடித்தவர், அவரே சாட்சி.

இவ்வாறான அதிகாரம் யார்மேல் விழும் என்று ஊகிக்க மார்க்சியம் படித்திருக்க வேண்டியதில்லை. பின்னர்ப் 'பெரிய இடத்திலிருந்து' தொலைபேசி அழைப்பு வரக்கூடியவர் மேல் அது விழாது. தெரிந்த முகத்தை வீட்டுக்குப் போ என்பார்கள்; தெரியாத முகத்தை வண்டியில் ஏற்றுவார்கள். வாக்குமூலம் அவர் வாசிக்க இயலாத மொழியில் எழுதப்பட்டு, கீழே அவர் கையொப்பம் வாங்கப்படுவது மலையகத்தில் புதுமையன்று. தமிழும் நிருவாக மொழி, நீதிமன்ற மொழி என்று அரசியலமைப்பின் 16ஆம் திருத்தம் 1988இலேயே சொல்லிவிட்டது. சொல்லி முடித்த நிலையிலேயே அது பல இடங்களில் நிற்கின்றது. நீதவான் முன் நிற்கும்போது வழக்காடலாம். வழக்காடுவதற்குச் சட்டத்தரணி வேண்டும், தவணைக்குத் தவணை வேலைநாள் போகும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் இன்றைக்கே தண்டம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். குற்றமற்றவரும் ஒப்புக்கொள்வதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

பெருந்தொகையானோரைப் பிடித்துக் காட்டுவதே ஒழுக்கத்தின் அடையாளம் என்ற எண்ணம் நாட்டில் எவ்வளவு வேரூன்றியிருக்கின்றது என்பதை 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கை காட்டிற்று. போதைப்பொருளை ஒழிப்பதென்ற பெயரில் சில வாரங்களுள் பல்லாயிரம் பேர் கைதாயினர். 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தி மீளாய்வு செய்யுமாறு கேட்டனர். கைதானோரின் எண்ணிக்கை அன்றாடம் பத்திரிகைகளில் வந்தது. எண்ணைப் படித்த நடுத்தர வர்க்கம் மனநிறைவோடு தேநீர் அருந்திற்று.

இதுவரை எழுதியதை ஒரு நாள் சில நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியபோது, தோட்டப் பெண்ணொருவர் என்னிடம் முன்னொருமுறை சொன்னது நினைவில் குறுக்கிட்டது. பிள்ளையின் வரவு குறைந்ததை விசாரிக்கப் போனபோது லயத்து வாசலில் நின்று அவர் சொன்னார்: "அவரப் புடிச்சிக்கிட்டுப் போனா அன்னைக்கி ராத்திரி நாங்க நிம்மதியா தூங்குவோம் சேர். ஆனா மறுநாளு தெண்டம் கட்ட எங் கைக்காசத்தானே எடுக்கணும்?"

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு முன் நமது முற்போக்கு வாதம் சற்றுத் தலைகுனிய வேண்டும். குடிப்பவரைப் பலியாளாக மட்டுமே வரைவது ஆண்பிள்ளை எழுத்தாளரின் பழைய வழக்கம். அவரால் அடிக்கப்பட்டவர், அவர் குடித்த கூலியில் பட்டினி கிடந்தவர், அவர் வாந்தியைக் கழுவியவர் எல்லாரும் அந்தச் சித்திரத்தின் விளிம்பில் மங்கலாக நிற்பர். எங்கெல்ஸ் 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலையை எழுதியபோது, அவர்களது குடியைத் தனிமனிதத் தீயொழுக்கமாகக் கருதாமல் அவர்கள் தள்ளப்பட்ட வாழ்க்கையின் விளைவாகவே கண்டார். அது பெரிய உண்மை. ஆனால் விளைவென்று அறிந்தவுடன் அடி வலிக்காமற் போவதில்லை.

அப்பெண்ணின் முதல் வாக்கியத்தைச் சட்டம் கேட்டதா? கேட்கவில்லை. அவர் கணவரைப் பொலிஸார் பிடித்தது வீதியில் விழுந்து கிடந்ததற்காக. லயத்துக் காம்பராவுக்குள் அவர் செய்துவந்ததற்காக எவரும் பிடித்ததில்லை. குடும்ப வன்முறையைத் தடுக்க 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இருக்கின்றது. அதைத் தேடிப் போகும் பெண்ணுக்கு அது 'புருசன் பொஞ்சாதிச் சண்டை' என்று சொல்லித் திருப்பியனுப்பும் பழக்கமும் நம் நாட்டில் இருக்கின்றது. இங்கேதான் 488ஆம் பிரிவின் உண்மையான முகம் தெரிகின்றது. வீதியில் வெறியோடு நிற்பவரைக் கண்ட பொலிஸ்காரர் இரக்கப்பட்டால் என்ன சொல்கிறார்? 'வீட்டுக்குப் போ' என்கிறார். அதாவது, கடைவீதியின் கண்ணுக்கு உபத்திரவமாயிருந்ததை ஒரு பெண்ணின் உடம்புக்கு உபத்திரவமாக மாற்றி அனுப்புகிறார். அவ்வளவில் ஒழுங்கு நிலைநாட்டப்பட்டுவிடுகின்றது. விருந்திலிருந்து போனவரின் காரும் ஒரு வீட்டு வாசலில்தான் நின்றிருக்கும். அங்கும் ஒரு கதவு மூடப்பட்டிருக்கும். அதன் உள்ளே நடந்தது நமக்குத் தெரியாது.

அவருடைய இரண்டாவது வாக்கியம் இன்னுங் கூர்மையானது. தண்டம் குடித்தவருடைய பெயரில் விதிக்கப்படுகின்றது. கொழுந்து பறித்தவருடைய காசிலிருந்து கட்டப்படுகின்றது. நாள் முழுதும் மழையில் நின்று கிலோக் கணக்கில் கூடை நிறைத்த ஒரு பெண்ணைத் தண்டித்து எந்த ஆணைத் திருத்தப் போகின்றோம்?

பழந்தமிழர் குடியை எப்படி நோக்கினர் என்று கேட்கும் மாணவர் இருப்பர். சங்கப் பாட்டில் கள் பாராட்டப்படுகின்றது. அதியமான் மாய்ந்தபோது, சிறிதளவே கள் இருந்தாலும் தமக்கே அதைத் தந்தவன் என்றுதான் ஔவையார் அழுதார். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்துக் கடிந்தார். அந்தப் பத்துக் குறளையும் ஒருமுறை வேறு நோக்கோடு படித்துப் பாருங்கள். குடிப்பவர் தாயின் முகத்தில் விழிக்க நாணவேண்டும் என்கிறார். ஊரார் நகைப்பர் என்கிறார். நாணம் என்னும் நல்லாள் புறங்காட்டிப் போய்விடுவாள் என்கிறார். வெறியிலிருப்பவருக்கு நியாயம் சொல்வது நீருக்குள் மூழ்கியவரை விளக்குக் கொண்டு தேடுவது போலும் என்கிறார். பொருட்பாலில் அரசனுக்கே அறம் உரைத்த அப்புலவர், அந்தப் பத்தில் ஓரிடத்திலேனும் அரசனைக் கூப்பிடவில்லை. கோலையும் சிறையையும் கொண்டு வரவில்லை. தண்டனையை அவர் அறியாதவரல்லர். கொடியவரைத் தண்டிப்பதைப் பயிர்க்குக் களையெடுப்பதோடு ஒப்பிட்டவரும் அவரே. குடியை அவர் நாணத்தின் எல்லைக்குள் விட்டார்; கோலின் எல்லைக்குள் கொண்டு வரவில்லை. இது தற்செயலென்று நான் எண்ணவில்லை.

பிற நாடுகள் இக்கேள்வியை எப்படி எதிர்கொண்டன? அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில் லீரோய் பவல் என்றொரு சப்பாத்துத் துடைக்கும் தொழிலாளி இருந்தார். வார வருமானம் ஏறக்குறைய 12 டொலர். 1949 முதற்கொண்டு, பொது இடத்தில் வெறியோடு இருந்தமைக்காக அவர் ஏறத்தாழ நூறு முறை தண்டிக்கப்பட்டிருந்தார். நூறு தண்டனை ஒருவரைத் திருத்தவில்லையெனில் நூற்றோராவது திருத்துமா? அவர் வழக்கு 1968இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் வரை சென்று, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கிலே தோற்றது. அதிலும், தண்டனையை ஏற்ற ஐவருள் ஒருவராகிய நீதியரசர் வைற், வீடென்று ஒன்றே இல்லாதவர் வேறெங்கு போய்க் குடிப்பார், அவரைத் தண்டிப்பது தகுமா என்ற ஐயத்தைத் தமது தீர்ப்பில் எழுப்பினார். நாவலப்பிட்டி பஸ் நிலையத்துத் தூணடியும் அதே கேள்வியைத்தான் கேட்கின்றது.

அவுஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் நெஞ்சைச் சுடுவது. பூர்வகுடிமக்கள் காவலில் இறந்த 99 சம்பவங்களை ஆராய்ந்த அரச ஆணைக்குழு, பொது இடத்து வெறியைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்குமாறு 1991இலேயே பரிந்துரைத்தது. விக்டோரியா மாநிலம் நீக்கவில்லை. 2017 டிசம்பர் 5ஆம் நாள் ரான்யா டே என்ற பூர்வகுடிப் பெண்மணி புகையிரதத்தில் தூங்கிக்கொண்டு போனார். எவருக்கும் எத்தீங்கும் செய்யவில்லை. காசில்மெயின் நிலையத்தில் அவரை இறக்கி, வெறியில் இருந்தார் என்று பொலிஸ் காவலறையில் அடைத்தனர். அங்கே விழுந்து தலையில் அடிபட்டு, பதினேழு நாட்களின் பின் இறந்தார். அவர் பிள்ளைகள் விடாது போராடினர். 2023 நவம்பர் 7ஆம் நாள் விக்டோரியாவில் அச்சட்டம் ஒழிந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு பரிந்துரை கோப்பில் தூங்கிற்று. ஒரு தாய் தூங்கியதற்குத்தான் தண்டனை கிடைத்தது. 1874 முதல் புகையிரதம் வந்துபோகும் இவ்வூரில் இருந்து இதை எழுதும்போது, இரவு வண்டியில் சாய்ந்து தூங்கும் முகங்கள் கண்முன் வருகின்றன.

இந்தியா 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டத்தைக் களைந்து புதியதைக் கொண்டுவந்தது. 510ஆம் பிரிவு 355 ஆயிற்று. பத்து ரூபாத் தண்டம் ஆயிரமாயிற்று. சமூகசேவையும் ஒரு தண்டனையாகச் சேர்ந்தது. குற்றம் குற்றமாகவே இருக்கின்றது. பீகார் 2016இல் முழு மதுவிலக்கை விதித்து இலட்சக் கணக்கானோரைக் கைதுசெய்தது. பிணை மனுக்களால் நீதிமன்றங்கள் திணறுவதை 2021 டிசம்பரில் பிரதம நீதியரசர் ரமணாவே சுட்டிக் காட்டினார். மதுவிலக்கைக் கேட்டவர்களிற் பெரும்பாலோர் அங்கே பெண்கள். அவர்கள் கேட்டது நிம்மதியான இரவு. அரசு கொடுத்தது நிறைந்த சிறை. நமது தொழிற்சங்க மேடைகளில் 'மதுவை ஒழிப்போம்' என்று முழங்கும் தோழர்களும் இதைச் சற்று எண்ணவேண்டும். அம்முழக்கம் பொலிஸ் வண்டியாக மாறுவதற்கு அதிக தூரமில்லை.

'அப்படியானால் தூணடியில் கிடப்பவரை என்ன செய்வது? கிடக்கட்டுமென்று விடுவதா?' என்று கேட்பீர்கள். விடக்கூடாது. வாந்தி மூச்சுக்குழலில் அடைத்துச் சாகக்கூடும்; மலைக்குளிரில் விறைக்கக்கூடும்; தலையில் அடிபட்டவரின் மயக்கத்தை வெறியென்று தவறாக எண்ணிவிடவும் கூடும். ஆகவே அவருக்கு முதலில் வேண்டியவர் அவரைப் பக்கவாட்டிற் படுக்கவைத்து, மூச்சைப் பார்த்து, தேவையானால் ஆசுப்பத்திரிக்கு அனுப்பத் தெரிந்த ஒருவர். அதற்குப் பெரிய மாளிகை தேவையில்லை. நகரசபையொன்று மனங்கொண்டால் பஸ் நிலையத்துக்கு அருகே ஓர் அறை, நாலு பாய், தண்ணீர், இரவில் விழித்திருக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் போதும். அந்தப் பெண் ஊழியர் எதற்கென்றால், வீட்டிலிருந்து ஓடிவரும் மனைவியும் பிள்ளையும் தங்குவதற்கும் ஓர் இடம் வேண்டும். குடித்தவரை அப்புறப்படுத்தி அவர்களை நிம்மதியாகத் தூங்கவைப்பதற்கு இன்று விலங்கு ஒன்றுதான் வழியென்று இருப்பதே நமது வறுமை.

அடித்தவரை அடித்ததற்காகப் பிடியுங்கள், அவர் வெறியில் அடித்தாலும் தெளிவில் அடித்தாலும், வீதியில் அடித்தாலும் காம்பராவில் அடித்தாலும். விழுந்தவரைத் தூக்கிவிடுங்கள். இவ்விரண்டையும் ஒரே பிரிவில் ஒரே வண்டியில் ஏற்றுவதை மட்டும் நிறுத்துங்கள் என்பதே என் வழக்கு. இதற்குச் சட்டத்திருத்தம் வேண்டும். அது கொழும்பில் நடக்கவேண்டியது. மேற்சொன்ன அறை நாவலப்பிட்டியிலேயே நடக்கக்கூடியது. அதற்கொரு மனு எழுதுவதும், அதில் கையொப்பம் திரட்டுவதும் நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் எட்டாத வேலைகளல்ல.

இதை எழுதி முடிக்கும் இன்றும் சம்பளம் முடிந்த மறுநாள். தொலஸ்பாகைக்கான கடைசி பஸ் புறப்படத் தயாராக நிற்கின்றது. ஒரு பெண் மாப் பையையும் தேங்காய்ப் பையையும் படிக்கட்டில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய், தூணருகே தள்ளாடி நின்றவரின் தோளுக்குத் தன் தோளைக் கொடுத்து, நடத்துநரிடம் "அண்ணே, கொஞ்சம் நில்லுங்கண்ணே" என்கிறார். நடத்துநர் முகத்தைச் சுளித்தாலும் மணியை அடிக்காமல் நிற்கிறார்.